முரானோ உலையின் சொற்கள்

வெனிஸ் நகருக்கு வடக்கே, கடற்கழியின் நடுவில், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் முரானோ தீவில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடி செய்கிறார்கள். அந்தத் தொழிலுக்கென்று அங்கே ஒரு தனிச் சொற்கூட்டம் உண்டு. இத்தாலிய மொழியும் வெனிஸ் வட்டார வழக்கும் கலந்த அச்சொற்களில் பலவற்றைப் பிற நாட்டுக் கண்ணாடிக் கலைஞர்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாள்கிறார்கள். இன்கால்மோ, முர்ரீனா, ரெட்டிச்செல்லோ என்னும் பெயர்கள் இத்தாலிய மொழி தெரியாத பட்டறைகளிலும் புழங்குகின்றன.

இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவை நான்கு வாய்களிலிருந்து பிறந்தவை என்று தெரியும். உலைமுன் நின்றவர்கள் தம் கருவிக்கும் கையசைவுக்கும் இட்டவை ஒரு வகை. கலவை கூட்டியவர்கள் தாம் உருக்கிய கண்ணாடிக்கு இட்டவை இரண்டாவது வகை. பின்னாளில் அறிஞர்களும் வணிகர்களும் பழம்பொருளுக்குச் சூட்டியவை மூன்றாவது. இருபதாம் நூற்றாண்டின் வடிவமைப்பாளர்கள் புதிய பாண்டங்களுக்கு இட்டவை நான்காவது. கடைசி மூன்று வகைகளும் பொருள் எப்படி இருக்கிறது என்பதையே பெரும்பாலும் சொல்கின்றன. அதை எப்படிச் செய்வது என்பதை முதல் வகைதான் சொல்கிறது. தொழில் நிலைப்பதும் அழிவதும் அந்த முதல் வகைச் சொற்களைப் பொறுத்தது என்பதற்கு முரானோவின் வரலாறே சான்று.

உலையும் ஆட்களும்

வெனிஸில் கண்ணாடிக்காரரைக் குறிக்கும் மிகப் பழைய சொல் "ஃபியோலாரியோ". சிறு குப்பி செய்பவர் என்று அதற்குப் பொருள். கி.பி. 982ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் தொமேனிக்கோ என்பவர் இந்தப் பட்டத்தோடு குறிப்பிடப்படுகிறார். 1271இல் தொழிற்குழுவின் விதிகள் எழுதப்பட்டபோதும் தலைப்பில் இந்தப் பெயரே இடம்பெற்றது. 1291இல் வெனிஸ் பெருமன்றம் நகரத்துக்குள் இருந்த உலைகளை அகற்றச் சொன்னது. மரவீடுகள் நெருங்கிய நகரில் தீப்பிடிக்கும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் முரானோவே கண்ணாடியின் ஊரானது. எல்லோரும் ஒரே சிறு தீவில் வாழ்ந்ததால் ஒரு குடும்பத்தின் சொல் அடுத்த குடும்பத்துக்கும் தெரிந்தது. கலவையின் கணக்கு மட்டும் மறைவாகவே இருந்தது.

ஓர் உலைவாயைச் சுற்றி வேலை செய்யும் குழுவுக்குப் "பியாட்ஸா" என்று பெயர். ஊர்ச்சதுக்கத்தைக் குறிக்கும் அதே சொல்தான் இது. குழுவின் தலைவர் "மயெஸ்த்ரோ". அவருக்கு அடுத்த நிலையில் "செர்வென்டே", அவருக்குக் கீழே "செர்வென்டினோ", கடைசியில் "கார்ஸோனே" என்னும் சிறுவன். உலைவாயைத் திறந்து மூடுவதிலும் குழலைக் கொண்டுவருவதிலும் சிறுவனின் பயிற்சி தொடங்குகிறது. இந்தப் படிநிலையைப் பதவி என்பதைவிட வெப்பத்துக்கு ஏற்ற வேலைப் பங்கீடு என்று கொள்வதே சரி. உலையிலிருந்து வெளியே வந்த கண்ணாடி ஒரு நிமிடத்துக்குள் விறைக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் ஒருவர் ஊத வேண்டும், ஒருவர் கூடுதல் உருக்கைக் கொண்டுவர வேண்டும், ஒருவர் வெப்பம் முகத்தில் படாமல் தடுக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்க நேரமில்லாத இடத்தில் ஒற்றைச் சொல்லே கட்டளையாகிறது.

மயெஸ்த்ரோ அமர்ந்து வேலை செய்யும் பலகை "ஸ்கானியோ". அதன் இருபுறமும் நீண்ட கைப்பட்டங்கள் இருக்கும். நுனியில் கண்ணாடி ஒட்டிய குழலை அவற்றின்மேல் கிடத்தி இடக்கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே வலக்கையால் உரு அமைக்கிறார். உருட்டுவதை நிறுத்தினால் இளகிய கண்ணாடி தன் எடையால் ஒருபக்கம் சரிந்துவிடும். குழலின் நுனியில் எடுத்த உருக்கை உருட்டிச் சமன்செய்யும் உலோகத்தட்டு "ப்ரோன்ஸீன்". இன்று எஃகிலோ இரும்பிலோ செய்யும் தட்டுக்கும் வெண்கலத்தைக் குறிக்கும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

"பொர்செல்லே" என்பது இரண்டு நீண்ட அலகுகள் ஒரு முனையில் வில்லாக இணைந்த இடுக்கி. கழுத்தை ஒடுக்குவதும் வாயை விரிப்பதும் விளிம்பை இழுப்பதும் இதனால்தான். முரானோவில் ஒரு மயெஸ்த்ரோவின் திறமையைப் பேசும்போது முதலில் பேசுவது அவர் இதைப் பிடிக்கும் பிடியைப் பற்றித்தான். "பொன்டெல்லோ" என்பது துளையில்லாத இரும்புக்கோல். ஊதிய பாண்டத்தின் அடியில் சிறிது உருக்கைக்கொண்டு இதை ஒட்டுவார்கள். பின்பு ஊதுகுழலின் பக்கம் தட்டிப் பிரித்தால் பாண்டம் குழலிலிருந்து கோலுக்கு மாறிவிடும். அதுவரை மூடியிருந்த மேற்பக்கம் இப்போது வாயாகத் திறக்கும். வேலை முடிந்து கோலை உடைத்தெடுத்த இடத்தில் ஒரு சிறு வடு எஞ்சும். பழங்கண்ணாடியை ஆய்பவர்கள் பாண்டத்தைக் கவிழ்த்து அந்த வடுவைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

கடைசிக் கட்டத்தின் பெயர் "டெம்பெரா". செய்து முடித்த பாண்டத்தைச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் வைத்து, பல மணி நேரம் எடுத்து மெல்ல ஆறவிடுவார்கள். வெளிப்புறம் முதலிலும் உட்புறம் பிறகுமாக ஆறினால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். அந்த இறுக்கம் உடனே உடைக்கலாம், அலமாரியில் வைத்துப் பல நாள் கழித்தும் உடைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறையைப் போக்கும் பொறுமையும் இத்தொழிலின் ஒரு பகுதி.

இவ்வரிசையில் மிக நுட்பமானவை கண்ணாடியின் குணத்தைச் சொல்லும் இரண்டு அடைமொழிகள்: "நீண்ட" கண்ணாடி, "குறுகிய" கண்ணாடி. இங்கே நீளமும் குறுக்கமும் காலத்தைக் குறிக்கின்றன. உலையை விட்டு வெளியே வந்த பிறகு நெடுநேரம் இளக்கமாக இருப்பது நீண்டது. சட்டென்று இறுகிவிடுவது குறுகியது. பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிவதைப்போல, மயெஸ்த்ரோ நிறத்தையும் அசைவையும் கொண்டே இந்தப் பதத்தை அறிகிறார். முரானோவின் சோடாக் கண்ணாடி நீண்டது. மெல்லிய தண்டுகளும் அலைவிளிம்புகளும் இறக்கை வைத்த கைப்பிடிகளும் அங்கே பிறந்ததற்கு அந்த நீட்சி ஒரு முதன்மைக் காரணம். பொட்டாஷ் சேர்ந்த பொஹீமியக் கண்ணாடி அதைவிடக் குறுகியது, தடித்துச் செய்ய ஏற்றது. அதனால் அங்கே ஆறிய கண்ணாடியைச் சக்கரத்தில் வெட்டும் கலையும் செதுக்கும் கலையும் வளர்ந்தன. ப்ராக் அரண்மனையில் காஸ்பர் லேமன் என்பவர் கண்ணாடி செதுக்கும் தனியுரிமையை இரண்டாம் ரூடால்ஃப் மன்னரிடம் 1609இல் பெற்றார். இரு நாடுகளின் அழகு வேறுபட்டதற்கு, கண்ணாடி இறுகும் நேரத்தில் இருந்த வேறுபாடே அடிப்படை.

கலவையின் பெயர்கள்

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், 1450ஐ ஒட்டி, ஆஞ்செலோ பரோவியர் நிறமற்ற தெளிந்த கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். அதற்கு அமைந்த பெயர் "கிரிஸ்டாலோ". மலைப்படிகத்தின் தெளிவை எட்டியது என்பதே அப்பெயரின் உரிமைக்கோரல். அதற்கு மூன்று வேலைகள் தேவைப்பட்டன. முதலாவது, சாதாரண மணலுக்கு மாறாகத் திச்சீனோ ஆற்றின் வெண்கூழாங்கற்களைச் சுட்டு இடித்துத் தூளாக்குவது. இரண்டாவது, சிரியா, எகிப்துக் கரையோர உப்புச்செடிகளின் சாம்பலைக் கொதிநீரில் கரைத்து, வடித்து, வற்றவைத்துத் தூய உப்பை எடுப்பது. மூன்றாவது, இரும்பினால் ஏறும் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசுக் கல்லைச் சிறிதளவு சேர்ப்பது. அளவு கூடினால் கண்ணாடி ஊதாவாகிவிடும். சாம்பலை வடித்தபோது கறையோடு சுண்ணாம்பும் போய்விட்டது. கண்ணாடியை நீரிலிருந்து காப்பது சுண்ணாம்புதான். ஆகவே மிகத் தூய கிரிஸ்டாலோ பாண்டங்கள் சில ஈரக்காற்றில் வியர்த்து, நுண்ணிய விரிசல் கண்டன. இன்று அவற்றைக் காக்கும் அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்திப் பேழையில் வைக்கின்றன.

அதே நூற்றாண்டில் தோன்றியது "லாட்டிமோ". பாலைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த பெயர். வெள்ளீய ஆக்சைடு சேர்த்து வெண்மையும் ஒளிபுகாத் தன்மையும் கொடுத்த கண்ணாடி அது. சீனப் பீங்கான் வெனிஸ் துறைமுகத்தில் அரிய பொருளாக வந்திறங்கிய காலத்தில், அதற்கு ஈடாக இதைச் செய்து வண்ண எனாமல் தீட்டினார்கள். "கால்செதோனியோ" என்பது வெள்ளியும் பிற உலோகங்களும் கலந்து, பச்சையும் நீலமும் பழுப்பும் வரிவரியாக ஓடும் கண்ணாடி. கால்செடனி, அகேட் முதலிய கற்களின் பாவனையில் எழுந்ததால் அதற்கு அந்தப் பெயர். தங்கத்தைக் கரைத்துச் சேர்த்துப் பெறும் சிவப்பு "ரூபீனோ". அது முதலில் நிறமற்றுத் தோன்றி, மறுபடி சூடேற்றும்போதுதான் சிவக்கும்.

படிகம், பால், கல், மாணிக்கம் என்று இந்த வரிசை முழுவதும் கண்ணாடி வேறொன்றாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு மதிப்பு இருந்தது, ஆனால் கல்லுக்கும் பீங்கானுக்கும் இருந்த மதிப்பு அதற்கு மேல். சந்தைக்கு அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. ஒரே ஒரு பெயர் மட்டும் எதிர்த்திசையில் போயிற்று. "அவ்வென்டுரீனா" பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆவணங்களில் தென்படுகிறது. பழுப்புக் கண்ணாடிக்குள் செம்பின் நுண்படிகங்கள் பொன்தூளாக மின்னும் வகை இது. உலைக்குள் காற்றின் உயிர்வளியைக் குறைத்து, செம்பை உலோகமாகப் பிரியவைத்து, மூசையோடு பல நாள் ஆறவைப்பார்கள். பின்பு மூசையை உடைத்துக் கட்டியை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அது கூடிவரும் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் வாய்ப்பு, நற்பேறு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அதன் பெயர் எழுந்தது. இதைப் பார்த்த கனிமவியலாளர்கள் இதேபோல் மின்னும் இயற்கைக் கல்லுக்கு அவென்ச்சுரின் என்று பெயரிட்டார்கள். கண்ணாடியின் பெயரைக் கல் எடுத்துக்கொண்டது.

இழையின் பெயர்கள்

முரானோவின் மிக உயர்ந்த கைத்திறன் இழையில் இருக்கிறது. அதன் பொதுப்பெயர் "ஃபிலிகிரானா". லாட்டிமோவை உள்ளீடாக வைத்து அதன்மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்தி, இரண்டு பேர் இரு முனைகளைப் பற்றி எதிரெதிராக நடந்தால் பல மீட்டர் நீளமுள்ள கம்பி கிடைக்கும். அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டித் தட்டின்மேல் வரிசையாக அடுக்கி, உலையில் காட்டி ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். குழல் நுனியில் கண்ணாடி வளையம் ஒன்றை வைத்து, அந்த வரிசையின் ஓரத்தில் உருட்டினால் கம்பிகள் பாயாகச் சுருண்டு குழலாக நிற்கும். அடிப்புறத்தைக் கூட்டி மூடி ஊதினால் ஒவ்வோர் இழையும் குமிழோடு சேர்ந்து விரியும்.

இழைகள் நேராக ஓடி ஒருபக்கம் மட்டும் முறுகினால் "மெஸ்ஸா ஃபிலிகிரானா", அதாவது பாதி ஃபிலிகிரானா. கம்பிக்குள்ளேயே பல இழைகள் புரியாக முறுக்கப்பட்டிருந்தால் "ரெடோர்டோலி". 1527இல் செரேனா பட்டறையின் உரிமையாளர்களான ஃபிலிப்போ, பெர்னார்தோ சகோதரர்கள் இந்த முறுக்கிழைப் பாண்டங்களுக்குத் தனியுரிமை கேட்டு வெனிஸ் அரசிடம் விண்ணப்பித்தார்கள். முறுக்குதல் என்னும் வேலையை அந்தச் சொல் நேராகவே சொல்கிறது. ஆனால் அதே வகைக்கு இன்று பரவலாக வழங்கும் பெயர் "ஸன்ஃபிரிகோ". பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெனிஸில் பழம்பொருள் வணிகம் செய்த அந்தோனியோ சன்குவிரிகோ இத்தகைய பாண்டங்களைப் புதிதாகச் செய்வித்து விற்றார். அவருடைய குடும்பப் பெயரே உருமாறிப் பாண்டத்தின் பெயராயிற்று. செய்கையைச் சொன்ன சொல்லின்மேல் விற்றவர் பெயர் ஏறி உட்கார்ந்தது.

இழை வேலையின் உச்சம் "ரெட்டிச்செல்லோ". சிறு வலை என்று பொருள். முதலில் இழையோடிய குமிழ் ஒன்றை வலப்புறமாக முறுக்கி, அதன் வாயைத் திறந்து கிண்ணமாக்கி வைப்பார்கள். மற்றொரு குமிழை இடப்புறமாக முறுக்கி அந்தக் கிண்ணத்துக்குள் ஊதுவார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்தித்து வலையாகின்றன. இழைகள் புறத்தில் சற்றே புடைத்திருப்பதால் ஒவ்வொரு கண்ணியிலும் துளிக் காற்று அகப்பட்டுக் குமிழியாக நிற்கும். நல்ல ரெட்டிச்செல்லோவில் அந்தக் குமிழிகள் எல்லாம் ஒரே அளவாக, வரிசை குலையாமல் இருக்கும். இரண்டு குமிழ்களின் வெப்பம் சற்று வேறுபட்டாலும் வலை கோணிவிடும். அளவுகோலும் வரைபடமும் இல்லாமல் இருவர் கைகள் ஒரே பதத்தில் சந்திக்கும் அந்தக் கணம் மனிதக் கைத்திறன் அடைந்த உயரங்களுள் ஒன்று.

பூவின் பெயர்கள்

கம்பியின் குறுக்குவெட்டில் உருவம் தெரியுமாறு செய்வது மற்றொரு மரபு. நட்சத்திர அச்சுக்குள் உருக்கை அழுத்தி, வேறு நிறத்தைப் போர்த்தி, மீண்டும் அச்சில் அழுத்தி இழுத்தால் வெட்டு முகத்தில் விண்மீன் தோன்றும். இப்படி அடுக்கடுக்காக, பன்னிரண்டு முனையோடு செய்யும் மணி "ரொசெட்டா". வெள்ளை, செந்நிறம், நீலம் மாறிமாறி வரும் இம்மணியின் தோற்றத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பரோவியரின் மகள் மரியெட்டாவோடு மரபு இணைக்கிறது. ரொசெட்டா மணிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் வணிகப்பொருளாகப் போயின.

குறுக்குவெட்டுத் துண்டுகளை அடுக்கி உருக்கிக் கிண்ணம் செய்யும் கலை அதைவிட மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் அது இருந்தது. ஊதுகுழல் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியபின் அது மெல்ல ஒதுங்கியது. 1870களில் முரானோவின் வின்சென்ஸோ மொரெட்டி பழைய உரோமானியத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அந்தக் கலையை மீட்டார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அவர் செய்த கிண்ணங்கள் வைக்கப்பட்டன. அவற்றுக்கு "முர்ரீனா" என்று பெயர் சூட்டியவர் 1861இல் முரானோ கண்ணாடி அருங்காட்சியகத்தை நிறுவிய வின்சென்ஸோ ஸனெட்டி என்னும் குருவானவர். உரோமானிய எழுத்தாளர் பிளினி வியந்து எழுதிய ஓர் அரிய கிண்ணத்தின் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். பிளினி சொன்னது கண்ணாடியன்று, ஒருவகைக் கனிமம் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. பூவுருவத் துண்டுகள் நெருங்கிய வகை "மில்லெஃபியோரி", ஆயிரம் மலர். 1840களில் தொடங்கிப் பக்கரா, சேன் லூயி, கிளிஷி ஆகிய பிரெஞ்சு ஆலைகள் தாளடக்கிகளில் அதை வைத்துப் பெரும்புகழ் பெற்றன.

இந்தக் கலையில் தனித்து நிற்பவர் ஜாக்கொமோ ஃபிராங்கீனி. விளக்குச் சுடரில் மெல்லிய கண்ணாடிக் கம்பிகளை ஒன்றுசேர்த்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வெட்டு முகத்தில் இத்தாலியத் தலைவர்களான கரிபால்டி, கவூர் முதலியோரின் முகங்களை அவர் உருவாக்கினார். எத்தனை முறை நறுக்கினாலும் அதே முகம் வரும். அவர் வேலை செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்.

ஒட்டும் முறையும் புதிய பெயர்களும்

உலைமுன் பிறந்த சொற்களில் செய்கையை மிகத் தெளிவாகச் சொல்வது "இன்கால்மோ". வெனிஸ் வழக்கில் மரத்துக்கு ஒட்டுக்கட்டுவதைக் குறிக்கும் சொல் அது. வேறுவேறு நிறத்தில் இரண்டு குமிழ்களை ஊதி, இரண்டின் வாயையும் ஒரே விட்டத்துக்குத் திறந்து, சூடு ஆறும் முன் விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒன்றாக்குவார்கள். மயிரிழை அளவு பிசகினாலும் சேர்க்கை கோணும் அல்லது ஆறும்போது பிளக்கும். "கியாச்சோ" என்பது பனிக்கட்டி. சூடான குமிழை ஒரு நொடி நீரில் தோய்த்தெடுத்து, மேற்பரப்பில் வெடிப்புகள் ஓடவைத்து, மீண்டும் சூடேற்றி அவற்றின் கூர்மையை ஆற்றும் முறை. பதினாறாம் நூற்றாண்டில் அது பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் பெயரிடும் உரிமை வடிவமைப்பாளர் பக்கம் நகர்ந்தது. மிலான் வழக்கறிஞர் பாவ்லோ வெனீனியும் வெனிஸ் பழம்பொருள் வணிகர் ஜாக்கொமோ கப்பெல்லீனும் 1921இல் புதிய நிறுவனம் தொடங்கினார்கள். 1920களின் இறுதியில் சிற்பி நப்போலியோனே மார்த்தினூட்ஸி கண்ணாடி முழுவதும் நுண்குமிழிகள் நிறைந்த "புலெகோஸோ"வை அறிமுகப்படுத்தினார். குமிழியைக் குறிக்கும் வட்டாரச் சொல்லே அதற்கு அடி. குறையென்று ஒதுக்கப்பட்ட குமிழி அப்போது அழகாக ஏற்கப்பட்டது. 1932 முதல் 1947 வரை வெனீனியோடு பணியாற்றிய கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா "சொம்மெர்ஸோ"வை வளர்த்தார். ஒரு நிறத்தின்மேல் மற்றொரு தடித்த தெளிவு போர்த்தி, உள்நிறம் மூழ்கிக் கிடப்பதாகத் தோன்றச் செய்வது அது. அவருடைய "பட்டூட்டோ" ஆறிய கண்ணாடியின் புறத்தைச் சக்கரத்தில் சிறுசிறு குழிகளாகத் தேய்ப்பது. அடிக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள், சுத்தியல் பட்ட உலோகத்தின் தோற்றம் அதில் இருக்கும். இப்பெயர்கள் நிறுவனத்தின் பட்டியலுக்கும் கண்காட்சிக்கும் ஏற்றவை. ஆனால் ஸ்கார்ப்பா பெரும்பொழுதை உலைமுன் மயெஸ்த்ரோவோடு கழித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே கையும் கருத்தும் பிரியாமல் இருந்ததால்தான் அந்தப் பெயர்களுக்கு உயிர் வந்தது.

வெளியேறிய சொற்கள்

முரானோ மயெஸ்த்ரோ தீவைவிட்டுப் போய்த் தொழில் செய்வதை வெனிஸ் சட்டம் தடைசெய்தது. மீறுவோருக்குத் தண்டனை இருந்தது. தங்கியவர்களுக்குச் சிறப்பும் இருந்தது. முரானோவின் குடும்பங்கள் 1605இல் பொற்புத்தகம் என்னும் பதிவேட்டில் ஏறின. கண்ணாடிக்காரரின் மகளை வெனிஸ் பிரபு மணந்தால் பிள்ளைகளின் பிரபுத்துவம் குறையாது. இவ்வளவும் இருந்தும் பலர் வெளியேறினார்கள். ஜெனோவாவுக்கு அருகில் உள்ள அல்த்தாரே ஊர்க்காரர்கள் தம் கண்ணாடிக்காரர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பவே செய்தார்கள். ஆன்ட்வெர்ப்பிலும் லண்டனிலும் "வெனிஸ் பாணி" என்னும் பெயரில் பாண்டங்கள் எழுந்தன. வெனிஸில் பிறந்த ஜாக்கொபோ வெர்ஸெலீனி 1575இல் எலிசபெத் அரசியிடமிருந்து இருபத்தொரு ஆண்டுத் தனியுரிமை பெற்றார். 1665இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் முகம்பார்க்கும் கண்ணாடி செய்யும் முரானோ ஆட்களைப் பாரிஸுக்கு வரவழைத்தார். 1684இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தின் 357 கண்ணாடிகள் பிரான்ஸிலேயே செய்யப்பட்டவை.

1612இல் ஃபிளாரன்ஸில் அந்தோனியோ நேரி கண்ணாடிக் கலை பற்றிய நூலை அச்சிட்டார். 1662இல் கிறிஸ்தோஃபர் மெரெட் அதை ஆங்கிலத்தில் தந்தார். சாம்பலை வடிக்கும் முறை, நிறம் கூட்டும் அளவு, கால்செதோனியோவின் கலவை எல்லாம் அதில் உண்டு. குழலைப் பிடிப்பதும் குமிழை ஊதுவதும் பொன்டெல்லோவுக்கு மாற்றுவதும் அதில் இல்லை. கலவை தாளில் ஏறிவிட்டது, கையசைவு ஏறவில்லை. ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் இங்கிலாந்தில் தனியுரிமை பெற்றபின் ஈயக் கண்ணாடியை உருவாக்கினார். அது கனமானது, பளபளப்பானது, வெட்டுவதற்கு ஏற்றது. வெனிஸ் பாணியை அது பின்னுக்குத் தள்ளியது. 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது, 1806இல் தொழிற்குழு கலைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஸனெட்டியின் அருங்காட்சியகமும் 1859இல் தொடங்கிய அந்தோனியோ சல்வியாத்தியின் நிறுவனமும் மீட்சிக்கு வழிசெய்தன. அருங்காட்சியகம் பழம்பாண்டங்களைக் காட்டியது. அவற்றை மறுபடி செய்யப் பொர்செல்லே பிடிக்கத் தெரிந்த கைகள் தீவில் எஞ்சியிருந்தன. அந்தக் கைகள் இல்லாவிட்டால் மீட்சி இல்லை.

பிந்தைய சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. 1968இல் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி வெனீனி பட்டறையில் தங்கி பியாட்ஸாவின் கூட்டுவேலையைக் கண்டார். 1971இல் அவர் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் பள்ளியைத் தொடங்கத் துணைநின்றார். 1979இல் முரானோ மயெஸ்த்ரோ லீனோ தால்யாப்பியெத்ரா அங்கே சென்று கற்பித்தார். முரானோவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் நேரில் செய்து காட்டியபின்தான் இன்கால்மோவும் ரெட்டிச்செல்லோவும் அமெரிக்க மாணவர்களின் வாயில் புழங்கும் சொற்களாயின.

மணியின் சொற்கள்

முரானோவில் மணித்தொழிலுக்குத் தனிச்சொற்கள் உண்டு. குழலாக இழுத்து நறுக்கிய சிறு பாசிமணி "கொன்டெரியே". விளக்குச் சுடரில் கம்பியை இளக்கி ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்வது "ஆ லூமே". மணி கோத்த வெனிஸ் பெண்கள் "இம்பிராரெஸ்ஸே". நீண்ட ஊசிகளை விசிறியாகக் கையில் பிடித்து, மணி நிறைந்த மரத்தட்டில் செலுத்திக் கோப்பது அவர்கள் வேலை. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து அவர்கள் கோத்த சரங்கள் உலகச் சந்தைகளுக்குப் போயின.

குழலிழுத்து மணி செய்வதில் தென்னிந்தியாவின் மரபு வெனிஸைவிட மிக முந்தியது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்தப் பழந்துறைமுகத்தில், இப்படிப்பட்ட மணிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்காசியா வரையிலும் அதற்கு அப்பாலும் கிடைக்கும் இவ்வகைக்கு ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இந்தோ-பசிபிக் மணி என்று பெயரிட்டார். முரானோவில் குமிழுள்ள ஓர் உருக்கை இருவர் இழுத்து ஓடுவார்கள். ஓர் இழுப்பில் ஒரு குழல் கிடைக்கும். தென்னிந்திய முறையில் துளையுள்ள நீண்ட இரும்புக்குழாயின் நுனியில் உருக்கைப் பெருங்கூம்பாகத் திரட்டி உலைக்குள் வைத்து, உள்ளே துளை விழச்செய்து, முன்புறமாக ஒருவர் பல மணி நேரம் நிறுத்தாமல் குழலை இழுத்துக்கொண்டே இருப்பார். இந்த இரும்புக்குழாயின் பெயர் "லாடா". ஆந்திரத்தில் திருப்பதிப் பக்கம் பாபநாயுடுபேட்டையில் இன்றைய மணிக்காரர்கள் வாயிலிருந்து பதிவான சொல் அது. அரிக்கமேட்டு மணிக்காரர்கள் அதே கருவியை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. மணிகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன, அவற்றைச் செய்த வினையின் சொற்கள் எஞ்சவில்லை. பாபநாயுடுபேட்டையில் உலை எரிந்ததால்தான் அந்த முறையையே தொல்லியலாளர்களால் விளக்க முடிந்தது.

1994இல் வெனெத்தோ மாநிலச் சட்டம் தீவில் செய்த பாண்டங்களுக்கு "முரானோ கலைக் கண்ணாடி" என்னும் முத்திரையை உருவாக்கியது. 2020இல் யுனெஸ்கோ இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் கண்ணாடிமணிக் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முத்திரை போலியைத் தடுக்கும், பட்டியல் மதிப்பைத் தரும். ஆனால் ஒரு சிறுவன் கார்ஸோனேயாக உலைமுன் நிற்காவிட்டால் இரண்டாலும் பயனில்லை. எந்த ஊர்க் கைத்தொழிலைப் பற்றி எழுதினாலும் முடிந்த பொருளைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. கருவியின் பெயரையும் அதைப் பிடிக்கும் பிடியின் பெயரையும் பதத்தின் பெயரையும் தொழிலாளியின் வாயிலிருந்து முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். குயவர், கன்னார், நெசவாளர் என்று தமிழ் ஊர்களில் தொழில் இன்னும் நடக்கும் இடங்களிலெல்லாம் இது இப்போதே செய்யவேண்டிய வேலை.